ஆட்டிசம்: பேராசிரியரிடம் எதை, எப்போது, எவ்வளவு சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஆட்டிச மாணவர்களுக்குப் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் தவறாமல் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: 'மறைக்காதீர்கள், பேராசிரியரிடம் மனம்விட்டுச் சொல்லிவிடுங்கள்.' நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அதை நம்பி, வகுப்பு முடிந்து பேராசிரியர் பையை எடுக்கும் நேரத்தில், பின்னால் நாலு பேர் சந்தேகம் கேட்க நிற்கையில், 'எனக்கு ஆட்டிசம் இருக்கிறது' என்று சொல்லும் மாணவருக்கு என்ன கிடைக்கிறது? பெரும்பாலும் 'அப்படியா, பார்த்தால் தெரியவே இல்லையே' என்ற ஒரு வரி. சொன்னவருக்கு அடுத்து என்ன பேசுவதென்று தெரியாது. கேட்டவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. யாரிடம், எந்த வாரத்தில், எவ்வளவு சொல்வது என்பதை விரித்து எழுதுவோர் குறைவு. அதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பல்கலைக்கழகத்துக்குச் சொல்வது வேறு, பாடம் நடத்துபவருக்குச் சொல்வது வேறு. மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவில் மருத்துவ அறிக்கையைக் கொடுத்துப் பதிவு செய்துவிட்டால் எல்லாப் பேராசிரியருக்கும் செய்தி போய்விடும் என்று மாணவரும் பெற்றோரும் நம்புகிறார்கள். பல இடங்களில் அப்படி நடப்பதில்லை. மாணவர் எழுத்தில் சம்மதம் தந்தால்தான் தகவல் துறைக்குப் போகும். போகும்போதும் நோயறிதலின் பெயர் இருக்காது. 'தேர்வில் கூடுதல் நேரம், தனி அறை' என்று ஒரு பட்டியல் மட்டும் போகும். அந்தப் பட்டியலும் துறைத் தலைவரின் மின்னஞ்சலோடு நின்றுவிடுவது உண்டு. பயிற்சி வகுப்பு எடுக்கும் பகுதிநேர ஆசிரியர், ஆய்வக உதவியாளர், தேர்வறைக் கண்காணிப்பாளர் ஆகிய மூவரையும் அது எட்டாது. மாணவருக்குச் சிக்கல் வரும் இடங்களோ பெரும்பாலும் இந்த மூவர் இருக்கும் இடங்கள்தான். பருவம் மாறினால் ஆசிரியரும் மாறுவார். போன பருவத்துக் கடிதம் இந்தப் பருவத்தில் யார் கையிலும் இருக்காது. ஆகவே பிரிவில் பதிந்திருந்தாலும், ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் யார் யாருக்குத் தகவல் போயிருக்கிறது என்று பிரிவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விடுபட்டவர்களுக்கு மாணவரே எழுத வேண்டியிருக்கும்.

மருத்துவ அறிக்கையைப் பேராசிரியரிடம் கொடுக்கவே கூடாது. அதில் குழந்தைப் பருவ வரலாறு, குடும்பச் சூழல், நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண்கள் எல்லாம் இருக்கும். பாடம் நடத்துபவருக்கு இவற்றில் ஒன்றும் தேவையில்லை. சான்று கேட்கும் ஆசிரியரிடம் 'பிரிவில் பதிவாகியிருக்கிறது, அங்கே உறுதி செய்துகொள்ளலாம்' என்று சொன்னால் போதும். பழைய அறிக்கை வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அதில் 'ஆஸ்பெர்கர்' என்று, அதாவது முன்பு தனி நோயறிதலாக இருந்த பெயர், இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013-இல் வெளியான ஐந்தாம் பதிப்பில் அந்தத் தனி நோயறிதலை 'ஆட்டிச நிறமாலை' என்ற ஒரே பெயருக்குள் சேர்த்துவிட்டது. முன்பே ஆஸ்பெர்கர் என்று உறுதியானவர்களை ஆட்டிச நிறமாலையில் உள்ளவர்களாகவே கொள்ள வேண்டும் என்றும் அந்தக் கையேடு சொல்கிறது. பெயர் மாறியதைக் காரணம் காட்டி ஓர் அலுவலர் அறிக்கையைத் திருப்பித் தந்தால், இதைச் சொல்லலாம்.

இனிப் பேராசிரியருக்கு எழுதுவது. எழுத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். நேரில் பேசுவது எழுத்துக்குப் பின்னால் வரட்டும். நேரில் பேசினால் முகம், குரல், குறுக்குக் கேள்வி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டும். சொல்ல நினைத்ததில் பாதி விட்டுப்போகும். மின்னஞ்சல் ஆசிரியரிடமும் தங்கும், நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் சொன்னதற்கு ஆதாரமாகவும் நிற்கும். நீளம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். வடிவம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

'மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, இந்தப் பருவத்தில் உங்கள் புள்ளியியல் வகுப்பில் படிக்கிறேன். பதிவு எண் இன்னது. எனக்கு ஆட்டிசம் உண்டு; மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவில் பதிந்திருக்கிறேன். பாடத்தைப் புரிந்துகொள்வதில் சிரமம் இல்லை. திடீரென்று கேட்கும் கேள்விக்கு உடனே வாயால் பதில் சொல்வதும், இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்பதும் கடினம். மூன்று உதவிகள் வேண்டும். வகுப்பில் என்னைப் பெயர் சொல்லிக் கேட்பதாக இருந்தால் கேள்வியை முதல் நாளே அனுப்புங்கள். அறையோ நேரமோ மாறினால் மின்னஞ்சலில் தெரிவியுங்கள். நான் இடையில் ஐந்து நிமிடம் வெளியே போய் வந்தால் காரணம் கேட்க வேண்டாம், கதவோரம் உட்கார்ந்துகொள்கிறேன். குறிப்பேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாலும் நான் கவனித்துக்கொண்டுதான் இருப்பேன். இந்தத் தகவலைப் பயிற்சி வகுப்பு ஆசிரியரிடம் சொல்லலாம். சக மாணவர்களிடம் வேண்டாம். இவற்றில் எது முடியும், எது முடியாது என்று இரண்டு வரி எழுதினால் போதும். நேரில் சந்திக்க வேண்டியதில்லை.'

இதில் ஆட்டிசம் என்ற சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது. 'ஆட்டிசம் என்றால் என்ன' என்ற விளக்கம் இல்லை. இணைப்பாகக் கட்டுரை எதுவும் இல்லை. படிப்பவருக்கு நாளைக் காலை வகுப்பில் தான் செய்ய வேண்டியது என்ன என்பது மட்டும் மிஞ்சும். உதவிகளை மூன்றோடு நிறுத்தியதற்கும் காரணம் உண்டு: பத்து கேட்டால், எது இன்றியமையாதது என்று ஆசிரியருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, எளிதானதைச் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார். மாணவர் தானே செய்துகொள்வது என்ன (கதவோர இருக்கை) என்பதும் இருக்கிறது. யாரிடம் பகிரலாம், யாரிடம் கூடாது என்பதை எழுதாமல் விடுவதுதான் பலர் செய்யும் தவறு. அந்த வரி இல்லாததால், வகுப்பு முழுவதற்கும் முன்னால் 'இவருக்கு எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும்' என்று நல்லெண்ணத்தோடு அறிவித்துவிடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அதன் பிறகு திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை. ஆட்டிசம் என்ற பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் அந்த வாக்கியத்தை 'பிரிவில் பதிந்திருக்கிறேன்' என்பதோடு முடித்துக்கொள்ளலாம். மற்ற வரிகள் எதுவும் மாறாது. ஆனால் நடத்தையைத் தவறாகப் படிக்க வாய்ப்புள்ள இடங்களில், அதாவது கருத்தரங்க வகுப்பு, வாய்மொழித் தேர்வு, ஆய்வு வழிகாட்டி ஆகியவற்றில், பெயரைச் சொல்வது உதவும் என்பதே எங்கள் கணிப்பு. காரணம் சொல்லாத மௌனத்தை மனிதர்கள் அலட்சியம் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

நேரம்: பருவம் தொடங்குவதற்கு முந்தைய வாரம், தவறினால் முதல் இரண்டு வாரம். குழு பிரிப்பதும் ஆய்வகக் கூட்டாளி ஒதுக்குவதும் வழக்கமாக அதற்குள் முடிந்துவிடும். தேர்வு ஏற்பாடுகளுக்கு இன்னும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தனி அறையும் கண்காணிப்பாளரும் ஒதுக்கப் பிரிவுக்குச் சில வாரங்கள் பிடிக்கும். தேர்வு முடிந்து மதிப்பெண் வந்த பிறகு சொன்னால், எழுதிய தேர்வுக்குப் பின்தேதியிட்டு எதுவும் கிடைப்பது அரிது. ஆனாலும் அடுத்த தேர்வுக்காகச் சொல்லத்தான் வேண்டும்.

கேட்கத் தகுந்தவை எவை என்பதில்தான் பலருக்குத் திணறல். 'கூடுதல் நேரம்' என்பது எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. மணிக்கு 15 நிமிடம், 20 நிமிடம் என்று இடத்துக்கு இடம் அளவு மாறும். ஆனால் ஒருவருக்குத் தொந்தரவு மின்விசிறிச் சத்தமும் காகிதச் சலசலப்பும் என்றால், அதே கூடத்தில் தரும் கூடுதல் நேரம் கூடுதல் இரைச்சல்தான். அவருக்கு வேண்டியது சிறிய அறை. நேரம் அதே மூன்று மணியே போதுமாக இருக்கலாம். ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றில் மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை இருப்பதை நோயறிதல் அளவுகோலிலேயே அதே 2013 பதிப்பு சேர்த்திருக்கிறது. ஆகவே இது பிடிவாதமோ சொகுசோ அல்ல. எந்தப் புலன், எந்த இடம், என்ன செய்தால் குறையும் என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் ஆசிரியருக்கு விளங்கும். 'எனக்குச் சத்தம் ஆகாது' என்பதைவிட, 'கூடத்தின் பின்பகுதியில் குளிர்சாதனத்துக்குக் கீழே உட்கார்ந்தால் பேச்சு பிரியாமல் கேட்கிறது, முன்வரிசை ஓர இருக்கை வேண்டும்' என்பது வேலை செய்யும்.

கேள்வித்தாள் இன்னொரு இடம். 'சுருக்கமாக விவாதிக்க' என்றால் அரைப் பக்கமா, மூன்று பக்கமா? மற்ற மாணவர்கள் மதிப்பெண்ணையும் ஆசிரியரின் வழக்கத்தையும் வைத்து ஊகித்துக்கொள்வார்கள். சொல்லை அப்படியே எடுத்துக்கொள்பவர் முதல் வினாவிலேயே ஒரு மணி நேரத்தைச் செலவழித்துவிடுவார். இதற்குக் கேட்க வேண்டியது எளிது: ஒவ்வொரு வினாவுக்கும் எதிர்பார்க்கும் சொல் அளவும், முன்மாதிரி விடை ஒன்றும். கேட்டால் வகுப்பு முழுவதற்கும் கிடைக்கும். எவருக்கும் சலுகை ஆகாது. வகுப்பில் எழுதும் ஒப்படைப்புக்கும் இதுவே.

குழுப் பணியில் தகராறு எழுவது வேலையைப் பிரிப்பதில். 'நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்' என்று ஆசிரியர் விட்டுவிடும்போது, பேச்சில் எப்போது நுழைவது என்று தெரியாதவர் ஒன்று மௌனமாகிவிடுவார், அல்லது மற்றவர் முடிக்கும் முன்பே பேசி முரடர் என்று பெயர் வாங்குவார். யார் எதை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று எழுதிய ஒரு தாளை ஆசிரியரே கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை தீரும். வாய்மொழி அளிக்கையில் 'கண் பார்த்துப் பேசுதல்' என்பதற்கென மதிப்பெண் வைத்திருக்கிறார்களா என்று மதிப்பீட்டுத் தாளை முன்கூட்டியே பார்ப்பது நல்லது. இருந்தால், அந்த மதிப்பெண்ணைப் பாடப்பொருளுக்கு மாற்றும்படியோ, ஆசிரியர் ஒருவர் முன் மட்டும் பேச அனுமதிக்கும்படியோ கேட்கலாம்.

ஆய்வகத்திலும் களப்பயிற்சியிலும் சொல்லாமல் இருப்பது பாதுகாப்புச் சிக்கல் ஆகலாம். திடீர் அபாய மணியோ புகைபோக்கிப் பெட்டியின் இரைச்சலோ ஒருவரை அப்படியே உறைய வைக்கும் என்றால், கையில் அமிலக் குடுவை இருக்கும்போது அருகில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். காதடைப்பான் போட்டால் எச்சரிக்கைக் குரல் கேட்காது. கையசைத்துக் கூப்பிடுவது என்று முன்பே பேசிவைக்க வேண்டும். மிகுந்த நெருக்கடியில் பேச்சு நின்றுபோகும் என்றால், ஓர் அட்டையில் நான்கு குறிப்பு எழுதிப் பொறுப்பாளரிடம் கொடுத்துவைக்கலாம்: தொடாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள், அமைதியான இடத்தைக் காட்டுங்கள், பத்து நிமிடம் கழித்து வந்து பாருங்கள். மருத்துவமனை, பள்ளி போன்ற வெளி நிறுவனத்துக்குப் பயிற்சிக்குப் போகும்போது அங்குள்ள மேற்பார்வையாளருக்குத் தகவல் தானாகப் போகாது. தனியே சொல்ல வேண்டும், தனியே சம்மதமும் தர வேண்டும்.

ஆய்வு மாணவருக்கு வழிகாட்டியோடு சில ஆண்டுகள் ஓட்ட வேண்டும். 'நன்றாக இருக்கிறது, இந்த அதிகாரத்தைக் கொஞ்சம் மெருகேற்றினால் தேவலை' என்று வழிகாட்டி சொன்னால் அதன் பொருள் 'திருப்பி எழுது' என்பதாகவே இருக்கக்கூடும். மாணவர் இரண்டு காற்புள்ளிகளைத் திருத்திக் கொண்டுவருவார், வழிகாட்டி எரிச்சல்படுவார், இருவரும் மற்றவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைப்பார்கள். சந்திப்பு முடிந்த 24 மணி நேரத்துக்குள் 'நான் புரிந்துகொண்டது இவை, கட்டாயம் மாற்ற வேண்டியவை இவை, விரும்பினால் மாற்றலாம் என்பவை இவை' என்று எழுதி அனுப்பி, பிழை இருந்தால் திருத்தும்படி கேட்கும் வழக்கத்தை முதல் மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும். ஆட்டிசம் உள்ளவரும் இல்லாதவரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளத் தவறுவது இருபக்கத் தவறு என்று ஆட்டிச ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-இல் எழுதினார். 'இரட்டைப் பரிவுச் சிக்கல்' என்று அதற்குப் பெயரும் வைத்தார். அவரும் ஆட்டிசம் உள்ளவரே. வழிகாட்டிக்கு ஒரே ஒரு கருத்தைத்தான் அனுப்ப முடியும் என்றால், நாங்கள் இதையே தேர்ந்தெடுப்போம்.

சிபாரிசுக் கடிதம் பற்றி யாரும் யோசிப்பதில்லை. 'ஆட்டிசம் இருந்தும் திறமையாகப் படித்தார்' என்று பெருமையாக எழுதிவிடுவார் பேராசிரியர். வேலை தருபவர் மாணவரைச் சந்திக்கும் முன்பே அதைப் படித்திருப்பார். கடிதம் கேட்கும்போதே 'ஆட்டிசத்தைக் குறிப்பிட வேண்டாம்' என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். அதேபோல, காப்பியடித்ததாகச் சந்தேகித்து வாய்மொழியாக விசாரிக்க அழைத்தால், கண்ணைப் பார்க்காததும் பதில் தாமதமாவதும் குற்றவுணர்வாகத் தெரியும். கேள்விகளை எழுத்தில் தரும்படியும் துணைக்கு ஒருவரை அழைத்துவரவும் அனுமதி கேட்கலாம்.

'எல்லோரும் கொஞ்சம் அப்படித்தான்', 'இதற்கெல்லாம் சலுகை கொடுத்தால் வெளியுலகில் என்ன செய்வாய்' போன்ற பதில்கள் வரும். வாதாட வேண்டாம். ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே எழுதி மனப்பாடம் செய்துவைத்துக்கொள்ளலாம்: 'அப்படியும் இருக்கலாம், அறை மாற்றத்தை மின்னஞ்சலில் தெரிவிக்க முடியுமா?' பேச்சு மறுபடி கேட்ட உதவிக்கே வந்துவிடும். ஒப்புக்கொண்டது நடக்கவில்லை என்றால் ஒரு முறை நினைவூட்டல், மறுமுறை பிரிவுக்கு நகல். விட்டுப்போவது பெரும்பாலும் மறதியால்தான், வன்மத்தால் அல்ல. திட்டவட்டமாக மறுத்தால் மட்டும் உரிமையைப் பேசலாம். ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, பெருஞ்சுமை ஆகாத நியாயமான ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடு என்கிறது. அதன் 24-ஆம் பிரிவு உயர்கல்வியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

நோயறிதல் இன்னும் கிடைக்காதவர்கள், குறிப்பாகச் சிறுவயதில் கவனிக்கப்படாமல் போன பெண்கள், என்ன செய்வது? இல்லாத சான்றை இருப்பதாகச் சொல்லக் கூடாது. 'மதிப்பீட்டுக்குக் காத்திருக்கிறேன்' என்று சொல்லி, சான்று இல்லாமலே ஆசிரியர் தன் விருப்பில் தரக்கூடியதை, அதாவது பாடக் குறிப்பை முன்கூட்டியே தருவது, எழுத்தில் பதில் சொல்வது, இருக்கையைத் தேர்ந்துகொள்வது போன்றவற்றை, கேட்கலாம். தேர்வு விதிகளை மாற்றச் சான்று வேண்டும், இவற்றுக்கு வேண்டாம்.

சொல்லாமல் இருப்பதே சரியான இடங்களும் உண்டு. இருநூறு பேர் உட்காரும் விரிவுரை, குழுப் பணி இல்லை, வாய்மொழித் தேர்வு இல்லை, பதிவு செய்த பாடம் இணையத்தில் கிடைக்கிறது என்றால் அந்த ஆசிரியரிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. மாற்றுத்திறன் பற்றி வகுப்பிலேயே கேலி பேசுபவரிடம் மாணவர் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டிய கடமையும் இல்லை. பிரிவு வழியாகப் பெயர் குறிப்பிடாத பட்டியல் போனால் போதும்.

பேராசிரியர்களுக்கு ஒன்று. அப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால் இரண்டு நாளுக்குள், கேட்ட ஒவ்வொன்றுக்கும் முடியும் அல்லது முடியாது என்று பதில் எழுதுங்கள். 'எது வேண்டுமானாலும் தயங்காமல் கேள்' என்று மட்டும் எழுதாதீர்கள். அன்பான வரிதான், ஆனால் 'எது வேண்டுமானாலும்' என்பதில் எது அடங்கும், எது அடங்காது என்று அளந்து பார்ப்பதுதான் அந்த மாணவருக்கு மிகவும் கடினமான வேலை. அவர் கேட்கவே மாட்டார். நான்காம் வாரத்தில் 'முன்வரிசை இருக்கை ஒத்துவருகிறதா, மாற்ற வேண்டுமா?' என்று நீங்களே கேளுங்கள்.

ஆசிரியர் அவர்களே, கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ் இதழ்களில் ஆட்டிசத்தை 'மதியிறுக்கம்' என்றும் 'தன்முனைப்புக் குறைபாடு' என்றும் எழுதும் வழக்கம் இருக்கிறது. ஆக்கியோர் நோக்கம் எதுவாயினும், 'மதி' என்று தொடங்கும் சொல்லைக் கேட்கும் பேராசிரியரின் மனத்தில் அறிவுக் குறைவு என்ற படம்தான் விழுகிறது. 'தன்முனைப்பு' என்றால் ஆணவம் என்று பொருளாகிவிடுகிறது. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் வெவ்வேறு. சிலரிடம் இரண்டும் சேர்ந்திருக்கும், பலரிடம் இராது. மாணவர் தன் முதல் வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சொல்லை மறுக்கும் வேலையும் அவர் தலையில் விழுகிறது. 'ஆட்டிசம்' என்றே அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆட்டிச மாணவர்களும் அவர்களுடன் பணியாற்றுவோரும்